ஜேர்மனும் ருஷ்யமும் ஒருங்கு கற்றல்: வாகரையை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

மொழியொன்றை ஆசிரியர் முன்னிருந்து கற்பது ஒரு நெறி. நூலைத் துணையாகக் கொண்டு தானே கற்பது பிறிதொரு நெறி. முன்னையதே சிறந்ததெனப் பெரும்பாலோர் கருதுவர். ஆயினும், ஆசிரியர் கிடையாத இடத்தும் கல்வி நின்றுவிடவில்லை என்பதற்கு இலங்கையின் வரலாறே சான்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 ஆம் ஆண்டிலே வெளிவாரிப் பரீட்சைகளுக்கு வழி திறந்தது. அதன் பயனாக, விரிவுரை மண்டபத்தைக் கண்ணாற் காணாத பலர், பகலிற் பாடசாலையிற் கற்பித்து, இரவில் விளக்கொளியிற் கற்றுப் பட்டதாரிகளாயினர். மட்டக்களப்புத் தமிழகத்துக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் (1892–1947) ஆசிரியராயிருந்து கொண்டே இலண்டன் பி.எஸ்ஸி. பரீட்சையில் 1920 ஆம் ஆண்டு தேறியதும் இவ்வழியினாலேயாம். நல்லூர் ஞானப்பிரகாச அடிகளார் (1875–1947) தமிழ்ச் சொற்களின் வேர்களைப் பிற மொழிச் சொற்களோடு ஒப்பிடுதற்பொருட்டுப் பல மொழிகளைத் தம் முயற்சியாற் பயின்றார். அவ்வுழைப்பின் பயனாகிய சொற்பிறப்பு ஒப்பியல் அகராதி 1938 இல் வெளிவரத் தொடங்கியது. இவ்விருவரையும் நடத்தியது பொழுதுபோக்கும் ஆசையன்று; தெளிவானதொரு தேவையே.

அத்தகைய தேவையொன்று ஜேர்மன் மொழியையும் ருஷ்ய மொழியையும் ஒருங்கே கற்கும்படி தமிழ் மாணவனைத் தூண்டுமோ என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா. அவ்வினாவைத் தலைநகரில் வைத்து எழுப்பாது, மட்டக்களப்புக்கு வடக்கே, திருக்கோணமலைக்குச் செல்லும் கரையோரப் பாதையிலுள்ள வாகரையில் வைத்து எழுப்புதல் பொருத்தமாகும். ஏனெனில், அம்மொழிகளிரண்டும் எவ்வளவு தொலைவில் உள்ளனவாகத் தோன்றுகின்றனவோ, அவ்வளவு நெருங்கிய தொடர்பு வாகரைக்கு அவற்றோடு உண்டு.

வாகரை, பனிச்சங்கேணி, கதிரவெளி என்னும் ஊர்களை உள்ளடக்கிய இப்பகுதி, ஒருபுறம் கடலாலும் மறுபுறம் களப்பாலும் காட்டாலும் சூழப்பட்டது. இங்குள்ள கரையோர ஊர்கள் சிலவற்றிலே வேடர் மரபினர் வாழ்கின்றனர். உள்நாட்டு வேடரிற் பலர் சிங்களம் பேசலாயினர். கரையோர வேடரோ தமிழ் பேசுகின்றனர். மீன்பிடியும் சேனைச் செய்கையும் தேனெடுத்தலும் இவர்தம் தொழில்கள். இவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சிறந்த நூல், செலிக்மன் தம்பதியர் 1911 ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் வெளியிட்ட வேடர் வரலாறாகும். அந்நூலிலே கரையோர வேடருக்கெனத் தனி அதிகாரமே ஒதுக்கப்பட்டுள்ளது. அதனைப் புரட்டும் மாணவன் பக்கந்தோறும் சரசின் என்னும் பெயரைக் காண்பான். அப்பெயர் அவனை ஜேர்மன் மொழியின் வாயிலிற் கொண்டுபோய் நிறுத்தும்.

போல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்னும் உறவினர் இருவரும் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தவர். இவர்கள் 1883 முதல் 1886 வரை இலங்கையில் ஆராய்ச்சி நிகழ்த்தினர். வேடரைப் பற்றிய இவர்களது பெருநூல் 1892, 1893 ஆம் ஆண்டுகளில் ஜேர்மன் மொழியில் வெளிவந்தது. இவர்களுக்கு முன்னரே, பெர்லின் நகரத்து மருத்துவப் பேரறிஞர் ருடோல்ப் விர்கோ, இலங்கைக்கு வாராமலே, தமக்குக் கிடைத்த மண்டையோடுகளையும் அளவுகளையும் கொண்டு 1881 இல் வேடரைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டிருந்தார். சரசின்களோ நேரில் வந்து, உயிரோடிருந்தவர்களை அளந்தனர், படம் பிடித்தனர், இறந்தோர் எலும்புக்கூடுகளைத் திரட்டிப் பாசல் நகருக்குக் கொண்டு சென்றனர். மனித இனத்தின் வளர்ச்சிப் படிகளுள் கீழ்ப்படி ஒன்றில் வேடரை வைப்பதே அவர்தம் முடிபு. அம்முடிபு இன்று அறிவுலகத்தாற் கைவிடப்பட்டதொன்று. ஆயினும், ஒரு மக்களைப் பற்றிய இத்தனை பெரிய தீர்ப்பு, அம்மக்கள் ஒருவரேனும் வாசிக்கவியலாத மொழியில் எழுதப்பட்டது என்பது நினைவிற் கொள்ளற்பாலது. அளக்கப்பட்டவர் அளந்தவரோடு வாதிடுதற்கு வழியில்லாது போயிற்று.

வேடர் பற்றிய நூலோடு இச்செய்தி முடிந்துவிடவில்லை. சைவ சித்தாந்தத்தை விரித்துரைக்கும் ஷோமெருஸ் என்பாரின் ஜேர்மன் நூல் 1912 இல் வெளிவந்தது. திருவாசகத்தை அவர் ஜேர்மன் மொழியிற் பெயர்த்து 1923 இல் வெளியிட்டார். அதற்கு முன்னரே கார்ல் கிரவுல் திருக்குறளை ஜேர்மன் மொழியிற் பெயர்த்து 1856 இல் வெளியிட்டிருந்தார். பைத்தான் என்பார் எழுதிய தமிழிலக்கணம் 1943 இல், உலகப்போரின் நடுவிலே, ஜேர்மனியில் அச்சேறியது. மறுபுறம், ருஷ்யப் பயணியும் அறிஞருமாகிய மினாயெவ் 1874 இல் இலங்கைக்கு வந்து, நான்காண்டுகளின் பின் இலங்கையையும் இந்தியாவையும் பற்றி நூலெழுதினார். பியாத்திகோர்ஸ்கி, ருதின் என்பார் தொகுத்த தமிழ்–ருஷ்ய அகராதி, பூர்ணம் சோமசுந்தரத்தைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960 இல் மாஸ்கோவில் வெளிவந்தது. ருஷ்ய–தமிழ் அகராதி 1965 இல் வெளிவந்தது. பியாத்திகோர்ஸ்கி 1962 இல் வெளியிட்ட இந்தியத் தத்துவ வரலாறு பற்றிய நூல், தமிழ்ச் சமய இலக்கியங்களையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டது. ஆகவே, சைவத்தையும் தமிழிலக்கணத்தையும் வாகரை வேடரையும் பற்றிப் பிறர் கூறியதை முழுமையாக அறிய விரும்புவோன் இவ்விரு மொழிகளையும் அடுத்தடுத்துச் சந்திக்க நேரிடும் என்பது தெளிவு.

நிற்க, இவ்விரு மொழிகளும் ஒன்றோடொன்று பிணைந்த வரலாற்றையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். மகா பீட்டர் 1724 இல் நிறுவிய பீட்டர்ஸ்பர்க் கல்விக்கழகம், அதன் தொடக்கக் காலத்தில் ஜேர்மன் நாடுகளிலிருந்து வந்த அறிஞர்களாலேயே பெரும்பாலும் நடத்தப்பட்டது. சமஸ்கிருத ஆராய்ச்சியாளர் இன்றும் போற்றும் 'பீட்டர்ஸ்பர்க் அகராதி' இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. ருஷ்யத் தலைநகரில், ருஷ்ய அரசின் பொருளுதவியால், 1855 முதல் 1875 வரை ஏழு பெருந்தொகுதிகளாக வெளிவந்த அவ்வகராதி, சமஸ்கிருதச் சொற்களுக்குப் பொருள் கூறுவது ஜேர்மன் மொழியில்! அதனைத் தொகுத்த இருவருள் ஒருவராகிய பெட்லிங் பீட்டர்ஸ்பர்க்கிலேயே பிறந்து வளர்ந்த ஜேர்மானியர். இவ்வாறு கீழைத்தேயக் கல்வி ஜேர்மன் மொழியையும் ருஷ்ய நாட்டையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தது.

அக்கூரையின்கீழ் வளர்ந்து, தமிழுக்கும் தொண்டாற்றியவர் அலெக்ஸாண்டர் மேர்வார்ட் (1884–1932). இவர் ஜேர்மனியின் மன்ஹைம் நகரிற் பிறந்து, ருஷ்யாவிற் குடியேறி, பீட்டர்ஸ்பர்க் மானிடவியல் அரும்பொருளகத்திற் பணியாற்றினார். பிறப்பால் ஜேர்மானியராயினும் ருஷ்ய மொழியிலே நூலெழுதும் ஆற்றல் பெற்றார். இவரும் இவர்தம் மனைவியார் லியுட்மிலாவும் 1914 இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் அனுப்பப்பட்ட ஆராய்ச்சிக் குழுவினர். உலகப்போர் மூண்டமையால் வந்தவழி அடைபட்டது. அவ்விடர்ப்பாட்டினிடையே 1918 வரை அவ்விரு நாடுகளிலும் தங்கி, மக்கள் வாழ்க்கையையும் மொழிகளையும் பயின்றனர். தாயகம் மீண்டபின், லெனின்கிராட்டில் மேர்வார்ட் தமிழ் கற்பித்தார். தமிழ்ப் பேச்சு வழக்குக்கு அவர் ருஷ்ய மொழியில் எழுதிய இலக்கணம் 1929 இல் வெளிவந்தது. பண்டிதர் பலர் பேச்சுத் தமிழை இலக்கணம் வகுக்கத் தகாததெனக் கருதிய காலத்திலே, தொலைதூர வடநாட்டில் ஒருவர் அதற்கு இலக்கணம் வகுத்தார் என்பது வியப்புக்குரியது. இலங்கையின் உட்பகுதிகளிற் செய்த பயணத்தைப் பற்றி அத்தம்பதியர் எழுதிய நூலும் அதே ஆண்டில் அச்சேறியது.

ஆனால் மறு ஆண்டே, அதாவது 1930 இல், மேர்வார்ட் கைதுசெய்யப்பட்டார். 'கல்விக்கழக வழக்கு' என்று பெயர்பெற்ற அவ்வழக்கிலே அறிஞர் பலர் சிக்குண்டனர். மேர்வார்ட்டின்மேற் சுமத்தப்பட்டது ஜேர்மனிக்கு உளவு பார்த்தார் என்னும் குற்றம். சிறைமுகாமுக்கு அனுப்பப்பட்ட அவர் 1932 இல் அங்கேயே இறந்தார். இரண்டு மொழிகளையும் தம்முள்ளே ஒன்றுபடுத்திய ஒருவர்க்கு, அவற்றுள் ஒன்று தாய்மொழியாயிருந்தமையே ஐயத்துக்கு இடமாயிற்று. மொழிகற்றல் தீங்கற்ற பொழுதுபோக்கென்று எண்ணுவோர் இவ்வரலாற்றை அறிதல் நன்று.

இனி, தாமே கற்றோர் எவ்வாறு கற்றனர் என்பதைக் காண்போம். ருஷ்ய மொழியைத் தம் முயற்சியாற் கற்ற ஜேர்மானியருள் மூவர் வரலாறு இவ்விடத்துப் பயன்படும்.

முதலாமவர், திரோய் நகரை அகழ்ந்தெடுத்த ஹைன்றிக் ஷ்லீமன் (1822–1890). இளமையில் அம்ஸ்டர்டாம் நகரில் வணிக நிலையமொன்றிற் கணக்கராயிருந்தபோது, 1844 இல் ருஷ்யம் கற்கத் தொடங்கினார். அந்நகரிற் கற்பிப்பார் எவரும் கிடைக்கவில்லை. அவர் கையிலிருந்தவை பழைய இலக்கணம் ஒன்று, அகராதி ஒன்று, பிரெஞ்சுக் கதையொன்றின் ருஷ்ய மொழிபெயர்ப்பு ஒன்று ஆகியனவே. கதையை மனனஞ் செய்து உரத்துச் சொல்வது அவர் வழக்கம். கேட்பார் இல்லாது சொல்வது சோர்வு தந்தமையால், ருஷ்யத்தில் ஒரு சொல்லும் அறியாத ஏழை ஒருவருக்குக் கூலி கொடுத்து, நாள்தோறும் மாலையில் இரண்டு மணி நேரம் தம் முன்னே இருத்தினார். சத்தம் பொறாத அயலவரின் முறைப்பாட்டினால் இருமுறை வீடு மாறவும் நேர்ந்தது. ஆறு வாரங்களில் முதலாவது ருஷ்யக் கடிதத்தை எழுதினார் என்பது அவர் தம் வரலாற்றில் தாமே கூறும் செய்தி. தம்மைப் பற்றிச் சற்று மிகைபடக் கூறும் இயல்பினர் அவர் என்பதை மறத்தலாகாது. ஆயினும், உரத்துச் சொல்லுதலும் கேட்பாரொருவரை முன்னிருத்துதலும் பயனுடையன என்பதில் ஐயமில்லை. திண்ணைப் பள்ளியில் முறைவைத்துப் பாடங் கூறிய மரபினர்க்கு இது புதியதுமன்று.

இரண்டாமவர் கார்ல் மார்க்ஸ். அவர் ருஷ்யம் கற்கத் தொடங்கியது 1869 இன் இறுதியில், ஐம்பது வயது கடந்த பின்னர். ருஷ்யாவின் உழைப்பாளர் நிலைபற்றி அப்பொழுது வெளிவந்திருந்த பிளெரோவ்ஸ்கியின் நூலை மூலத்தில் வாசிப்பதே அவர் நோக்கம். பாடநூலை முடித்தபின் நூலை எடுப்போம் என்று அவர் காத்திருக்கவில்லை. நூலையே பாடமாகக் கொண்டார். மூன்றாமவர் சமூகவியலறிஞர் மக்ஸ் வெபர். 1905 இல் ருஷ்யாவிற் புரட்சி வெடித்தபோது, அங்குள்ள செய்தித்தாள்களை வாசிக்கும் பொருட்டுச் சில திங்களிலே அம்மொழியைக் கற்று, மறு ஆண்டே அப்புரட்சி பற்றிக் கட்டுரை எழுதினார்.

இம்மூவர் வரலாறும் ஒன்றனை வலியுறுத்தும். மொழியைக் கற்று முடித்தபின் அதற்குப் பயன் தேடியவர் இவருள் எவருமிலர். பயன் முன்னே நின்று மொழியை இழுத்து வந்தது. வணிகம் ஒருவரையும், நூல் ஒருவரையும், செய்தித்தாள் ஒருவரையும் இழுத்தன. ஆனால் ஒரு வேறுபாட்டையும் மறைத்தலாகாது. இம்மூவர்க்கும் ஜேர்மன் தாய்மொழி. தமிழ் மாணவனுக்கோ இரண்டும் புதியன. அவன் இரண்டையும் ஒருங்கே மேற்கொள்ளல் கூடுமோ?

கூடும் என்பதற்கு இலக்கணமே சில துணைகளை வழங்குகின்றது. இரண்டும் இந்தோ–ஐரோப்பிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மூன்றென்னும் எண்ணை ஜேர்மானியர் 'டிரை' என்பர். ருஷ்யர் 'த்ரி' என்பர். 'திரிசூலம்' என்னும் சொல்லில் அது தமிழர்க்கும் பழக்கமானதே. மூக்குக்கு ஜேர்மனில் 'நாஸ', ருஷ்யத்தில் 'நோஸ்'. தமிழில் வழங்கும் 'நாசி' அவற்றின் உறவு. இனி, ருஷ்யர் ஜேர்மனிலிருந்து கடன் வாங்கிய சொற்களும் உள. கழுத்துப் பட்டிக்கு ருஷ்யர் வழங்கும் 'கால்ஸ்துக்' என்னும் சொல், கழுத்துத் துணி எனப் பொருள்படும் 'ஹால்ஸ்டூக்' என்னும் ஜேர்மன் சொல்லே.

இவற்றினும் சிறந்த துணை தமிழிலேயே உள்ளது. ஆங்கிலம் வழியாக இம்மொழிகளை அணுகுவோர், ஆங்கிலத்தில் இல்லாதவற்றைக் கண்டு மயங்குவர். தமிழிலிருந்து நேரே அணுகுவோர்க்கு அம்மயக்கம் குறையும். 'எனக்குக் குளிர்கிறது' என்று தமிழர் நான்காம் வேற்றுமையிற் கூறுவதை ஆங்கிலேயர் எழுவாயாக்கி 'நான் குளிராயிருக்கிறேன்' என்பது போலக் கூறுவர். ஜேர்மானியரும் ருஷ்யரும் தமிழர் போலவே 'எனக்கு' என்றே தொடங்குவர். 'என்னிடம் நூல் உண்டு' என்பதை ருஷ்யமும் அவ்வாறே அமைக்கும். 'அவன் மாணவன்' என்னும் வாக்கியத்தில் வினை வேண்டாமை தமிழுக்கும் ருஷ்யத்துக்கும் பொது. சார்பு வாக்கியத்தில் வினையை இறுதியில் நிறுத்துதல் தமிழுக்கும் ஜேர்மனுக்கும் பொது. 'படித்தான்' என்பதற்கும் 'படித்து முடித்தான்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்த மாணவன், ருஷ்ய வினைகளில் முற்றியதும் முற்றாததும் என்னும் பாகுபாட்டைக் கண்டு அஞ்சான். எட்டு வேற்றுமை கற்றவனுக்கு ஜேர்மனின் நான்கும் ருஷ்யத்தின் ஆறும் பெருஞ்சுமையல்ல.

இடர்ப்பாடுகளும் உள. தமிழிற் பால் பொருளைப் பற்றியது. அவற்றிலோ சொல்லைப் பற்றியது. சூரியனைக் குறிக்கும் சொல் ஜேர்மனிற் பெண்பால். ருஷ்யத்தில் ஆணுமன்றிப் பெண்ணுமன்றி மூன்றாம் பால். சந்திரனைக் குறிக்கும் சொல் ஜேர்மனில் ஆண்பால். ருஷ்யப் பெருவழக்கிற் பெண்பால். இரண்டையும் ஒரே நாளில் மனனஞ் செய்வோன் குழம்புவான் என்பது ஒருதலை. எழுத்திலும் இத்தகைய மயக்கம் உண்டு. ஆங்கிலத்தில் 'பி' என வாசிக்கும் பேரெழுத்து வடிவம் ருஷ்யத்தில் ரகர ஒலி தரும். 'எச்' வடிவம் நகர ஒலி தரும். ஜேர்மனில் 'டபிள்யூ' வகர ஒலி பெறும். பழைய ஜேர்மன் நூல்கள் பல 1941 வரை வழக்கிலிருந்த முறுக்கெழுத்தில் அச்சானவை. 1918 இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட ருஷ்ய நூல்களில் இன்று வழங்காத எழுத்துகள் சில உள. பழைய நூல்களை நாடுவோன் இவற்றையும் பழகுதல் வேண்டும்.

ஆகவே, 'ஒருங்கு கற்றல்' என்பதை ஒரே நாளில் இரண்டையும் தொடங்குதல் எனக் கொள்ளாது, ஒன்று நிலைபெற்றபின் மற்றொன்றைச் சேர்த்துக் கொள்ளுதல் எனக் கொள்வதே அறிவுடைமை. ஆங்கிலம் அறிந்த மாணவனுக்கு எழுத்துப் பழக்கம் முன்னமே இருத்தலின் ஜேர்மன் முந்துவது எளிது. எளிய உரைநடையை அகராதித் துணையோடு வாசிக்கும் நிலை எய்திய பின், ருஷ்யத்தைத் தொடங்கலாம். அப்பொழுதும் காலையில் ஒன்று, இரவில் மற்றொன்று என வேளையும் ஏடும் வெவ்வேறாயிருத்தல் நன்று. பின்னர், ஜேர்மன் மொழியில் எழுதப்பட்ட ருஷ்ய இலக்கணமொன்றைக் கைக்கொண்டால், ஒரே உழைப்பால் இரண்டும் வளரும். ருஷ்ய–தமிழ் அகராதி இருத்தலின், ஆங்கிலத்தின் உதவியின்றியே ருஷ்யச் சொல்லுக்குத் தமிழ்ப் பொருள் காணவும் இயலும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசிக்க விரும்பும் நூல் எது என்பதை முதல் நாளிலேயே தெரிந்து வைத்தல் வேண்டும்.

வாகரைக்கு அந்நூல் எது? அண்மைக் காலத்தில் அவ்விடம் அடைந்த துன்பம் அறியாதார் இலர். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை அக்கரையோரத்தைத் தாக்கியது; 2006 இலும் 2007 இன் தொடக்கத்திலும் நிகழ்ந்த போரினால் மக்கள் இடம்பெயர்ந்தனர். ஓர் ஊர் இவ்வாறு சிதறுண்ணும்போது, மூத்தோர் வாய்மொழியும் ஏடுகளும் ஒருங்கே அழிவது இயல்பு. அந்நிலையில், அயல்நாட்டார் தம் நோக்கத்துக்காக எழுதி வைத்த குறிப்புகளும் பிடித்து வைத்த படங்களும் புதியதொரு மதிப்பைப் பெறுகின்றன. அவற்றின் முடிபுகள் தவறாயிருக்கலாம். ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்ட மக்களின் உடை, கருவி, தொழில், சொல் ஆகியன பற்றிய செய்திகள் அவற்றுட் பொதிந்துள்ளன. பதரை நீக்கி மணியைக் கொள்ளுதற்கு, அதனை வாசிக்கத் தெரிந்தவரும் அவ்வூர் வழக்கை அறிந்தவரும் ஒருவரேயாதல் சிறப்பு. பாசலில் இருந்து வாசிப்பவருக்கு ஊர் தெரியாது. ஊரில் இருப்பவருக்கு மொழி தெரியாது. இவ்விடைவெளியே இன்னும் நிரப்பப்படாதது.

அதனை நிரப்புதற்கு இன்று முன்னிலும் வாய்ப்புகள் உள. 1980களிலிருந்து ஜேர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் குடியேறிய ஈழத்தமிழரின் பிள்ளைகள் ஜேர்மன் மொழியிலேயே கல்வி கற்றுள்ளனர். அவர்களுக்கு மொழி உண்டு. ஊர் வழக்கைக் கேட்டறிய உறவினரும் உளர். சுவிட்சர்லாந்தின் அறிஞர்களும் தம் முன்னோர் செய்ததை மறு ஆய்வு செய்யத் தலைப்பட்டுள்ளனர். சரசின்களின் பணி குடியேற்ற ஆட்சிகளோடு எவ்வாறு பிணைந்திருந்தது என்பதை ஆராய்ந்து பேர்னார்ட் ஷேர் எழுதிய நூல் 2015 இல் வெளிவந்தது. அக்கண்டனமும் ஜேர்மன் மொழியிலேயே உள்ளது! வழக்கின் இரு பக்கத்தாரும் ஒரே மொழியிற் பேசிக்கொண்டிருக்க, வழக்குக்குரிய மக்களின் குரல் மட்டும் அங்கே கேட்கப்படாதிருத்தல் முறையன்று.

இவ்வுழைப்புக்கு உரியவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் மட்டுமே என்று எண்ணுதல் தவறு. மாலையில் ஒருமணி நேரம் ஒதுக்கக்கூடிய ஆசிரியரும், பரீட்சை முடிந்து முடிவுக்குக் காத்திருக்கும் மாணவரும் இதனைத் தொடங்கலாம். ஈராண்டு முயற்சியில் சரசின் நூலின் ஓர் அதிகாரம், அதனையடுத்து மேர்வார்ட் தம்பதியர் பயணநூலின் ஓர் அதிகாரம் என இரண்டைத் தமிழிற் பெயர்த்து, கரையோர ஊர்களின் மூத்தோர் முன் வாசித்து, அவர்கள் 'ஆம்' என்றதையும் 'அன்று' என்றதையும் அடிக்குறிப்பாகச் சேர்த்தால், அது எத்தனையோ பட்டங்களினும் மேலானதொரு பணியாகும். எழுதியவர்கள் போய்விட்டனர், எழுதப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்னும் வாகரையில் இருக்கின்றனர். அவர்கள் மறுமொழி கூறுங் காலம் கடந்துவிடவில்லை.